யார் துரத்துகிறார்கள்?

நாற்பத்தேழு வயதில் நான் மாரத்தான் ஓடப் பழகுவது என்று முடிவு செய்திருக்கிறேன். 42 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒரு 195 மீட்டர். இதற்கு முன்னால் நான் ஓடியதெல்லாம் புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிப்பதற்காகத்தான். அதிலும் பாதிக்குப் பாதி தவறவிட்டவன். இந்தச் செய்தியை இரண்டு மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில், வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. என் நாவல்களில் கணவனை விட்டுப் போகிற பெண்கள் வந்திருக்கிறார்கள்; கடவுளைத் திட்டுகிற குருக்கள் ஒருவர் வந்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் கிடைக்காத கண்டனம் இந்த ஒரு வரிக்குக் கிடைத்திருக்கிறது.

கண்டனக் கடிதங்களில் மிகவும் கௌரவமானது ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. என் எழுத்தை இருபது வருஷமாகப் படிக்கிறவர். முத்து முத்தான கையெழுத்து. நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். எழுத்தாளனுக்குப் பேனா ஓடினால் போதும், கால் ஓட வேண்டியதில்லை என்கிறார். இந்த வயதில் இதயத்தைச் சோதித்துப் பார்ப்பது விவேகமல்ல என்கிறார். இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நம் தேகவாகுக்கு ஒத்து வராது என்கிறார். முதன்முதலில் மாரத்தான் ஓடினவனே ஓடி முடித்ததும் செத்து விழுந்தான் என்பதை நினைவூட்டுகிறார். கடைசியில், அடிக்கோடிட்டு, "அப்படியென்ன அவசியம் வந்துவிட்டது?" என்று கேட்டு முடிக்கிறார்.

என் அத்தை கடிதம் எழுதவில்லை. நேரிலேயே கேட்டுவிட்டாள். விடியற்காலையில் நான் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "யாருடா உன்னைத் துரத்துறாங்க?" என்றாள். தலைமையாசிரியர் நான்கு பக்கத்தில் கேட்டதை அவள் மூன்று வார்த்தையில் கேட்டாள். இலக்கிய நயம் அவளுக்குத்தான் அதிகம்.

இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அத்தையிடம் வாதாட முடியாது. ஆகவே தலைமையாசிரியரோடு வழக்கை நடத்துகிறேன்.

செத்தவனிலிருந்து தொடங்கலாம். கி.மு. 490ல் மாரத்தான் சமவெளியில் ஆதென்ஸ்காரர்கள் பாரசீகப் படையைத் தோற்கடித்தார்கள். வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒருவன் ஊருக்கு ஓடினான், சொன்னான், விழுந்து செத்தான் என்பது உலகம் அறிந்த கதை. ஆனால் அந்த யுத்தத்தைப் பற்றி ஒரு தலைமுறை கழித்து விரிவாக எழுதிவைத்த ஹெரோடோட்டஸ் இந்தச் சாவைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர் சொல்வது வேறொரு ஓட்டம். யுத்தத்துக்கு முன்பு, உதவி கேட்பதற்காக, பைடிப்பிடீஸ் என்ற தூதன் ஆதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான். சுமார் 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டான். ஸ்பார்ட்டாக்காரர்கள் உதவி செய்யச் சம்மதித்தார்கள். ஆனால் பௌர்ணமி வருகிற வரையில் படை புறப்படுவதற்கில்லை, அது எங்கள் வழக்கம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடி வந்தவனுக்கு நாள் பார்த்துப் பதில் சொல்கிற இந்த ஸ்பார்ட்டாக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும் போல் இருக்கிறது. என் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

செத்து விழுகிற ஓட்டக்காரன் வருவது ஐந்நூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து, ப்ளூட்டார்க்கின் எழுத்தில். அங்கே அவனுக்குப் பெயரே வேறு. பிறகு வந்தவர்கள் பெயரை மாற்றினார்கள். 1879ல் ராபர்ட் பிரௌனிங் என்ற ஆங்கிலக் கவி, ஸ்பார்ட்டாவுக்கு ஓடினவனையும் செத்து விழுந்தவனையும் ஒரே ஆளாக்கிக் கவிதை எழுதினார். அப்படிப் புகழ் பெற்றிருந்த கதையை வைத்துத்தான் 1896ல், மிஷேல் ப்ரேயால் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன யோசனையின் பேரில், ஆதென்ஸ் ஒலிம்பிக்ஸில் மாரத்தான் பந்தயம் வைத்தார்கள். அதில் ஜெயித்தவர் ஸ்பிரிடான் லூயிஸ் என்ற தண்ணீர் சுமக்கிறவர். 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி. அவர் விழவுமில்லை, சாகவுமில்லை. 1940 வரை இருந்தார்.

ஆக, 240 கிலோமீட்டர் ஓடிப் பிழைத்தவனை 40 கிலோமீட்டரில் கொன்றது கதாசிரியர்கள்தான். இந்தத் தொழில் எனக்குத் தெரியும், ஸார். முடிவில் ஒரு சாவு இருந்தால் கதை நிற்கும். நானே பத்துப் பன்னிரண்டு பேரை அப்படித் தீர்த்திருக்கிறேன். அந்தக் கொலையைச் சாட்சியாக வைத்து என்னைப் பயமுறுத்துவது நியாயமல்ல.

இதயத்தைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆகவே விசாரித்தேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடந்த மாரத்தான்களிலும் அரை மாரத்தான்களிலும் ஓடியவர்களின் கணக்கை வைத்தியர்கள் கூடி ஆராய்ந்து 2012ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஓடியவர்கள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். ஓட்டத்தின்போதோ முடித்த கையோடோ இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அவர்களில் 42 பேர் இறந்தார்கள். 42 உயிரும் உயிர்தான், குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்களில் விவரம் கிடைத்த பெரும்பாலோருக்கு ஏற்கனவே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது. ஆகவே நான் முதலில் வாங்கியது ஷூ அல்ல, டாக்டரின் சீட்டு. அவர் என் மார்பில் வயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையின்மேல் நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டு, "ஓடலாம். அவசரப்படாதீர்கள்" என்றார்.

இனி, ஓடாதவர்களின் கணக்குக்கு வருவோம். 1953ல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் பஸ் தொழிலாளிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பஸ். டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். கண்டக்டர் நாளெல்லாம் மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்குகிறான். மாரடைப்பு டிரைவர்களைத்தான் அதிகமாகத் தேடி வந்தது. நானும் தலைமையாசிரியரும் வாழ்நாள் முழுதும் டிரைவர் ஆசனத்தில் இருந்தவர்கள், பஸ்தான் இல்லை. உட்கார்ந்திருப்பது விவேகம், ஓடுவது அசட்டுத் துணிச்சல் என்ற எண்ணத்தை நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? நம் ஜாதி, அதாவது மாதச் சம்பள ஜாதி, தேகத்தை வங்கியில் போட்ட வைப்புத் தொகை மாதிரி நினைக்கிறது. எடுத்துச் செலவழிக்காமல் இருந்தால் வட்டியோடு வளரும் என்று நம்புகிறது. வளர்வது என்னவோ உண்மை, இடுப்பைச் சுற்றி.

பஞ்சாபிலே பிறந்து இங்கிலாந்தில் போய்க் குடியேறிய ஃபௌஜா சிங் என்ற கிழவரைப் பற்றி ஸார் கேள்விப்பட்டிருப்பார். பாஸ்போர்ட்டின்படி 1911ல் பிறந்தவர். 2000ல், 89வது வயதில், லண்டனில் தம்முடைய முதல் மாரத்தானை ஓடினார். 2011ல் டொரான்டோவில் 100 வயது மனிதராக ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் புத்தகக்காரர்கள் அதை ஏற்கவில்லை. நம் தேசத்துக் கிராமத்தில் 1911ல் சான்றிதழுக்கு எங்கே போவது! அவர் 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊருக்குப் பக்கத்தில் ரோட்டில் போகும்போது மோட்டார் வண்டி மோதி இறந்துபோனார். ஓட்டம் கொல்லும் கொல்லும் என்று கால் நூற்றாண்டாக அவரைச் சுற்றி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கடைசியில் கொன்றது வேறொருவன் உட்கார்ந்து ஓட்டிய வண்டி.

வெள்ளைக்காரன் விளையாட்டு என்பதற்கு நான் பதிலே சொல்லப் போவதில்லை. கடிதத்தின் பின்குறிப்பில், நீங்கள் ஏன் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவதே இல்லை என்று ஸாரே கேட்டிருக்கிறார்.

தேகவாகு என்கிறாரே, அதற்கு மட்டும் ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். அறுபது தாண்டிய ஆச்சிகள் நடக்கிறார்கள். பாதம் கொப்புளித்துக் கொப்புளம் உடைந்து, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுநாளும் நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "ஆச்சி, இந்த வயதில் இதயத்தைச் சோதிக்கலாமா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. வழியெல்லாம் மோர் கொடுக்கிறார்கள். பழனிக்கு நடந்தால் பக்தி, கடற்கரையில் ஓடினால் பைத்தியம். 1930ல் ராஜாஜி 51 வயதில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 150 மைல் நடந்தார். சித்திரை வெயிலில் நடந்தார். அவர் உடம்பு எத்தகைய உடம்பு என்பது போட்டோவைப் பார்த்தாலே தெரியும்.

"அது தேசத்துக்காக. இது எதற்காக?" என்று ஸார் கேட்பார். தெரியும். அவருடைய வழக்கு முழுதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. சாவு, இதயம், வெள்ளைக்காரன் எல்லாம் சும்மா பக்கவாத்தியம்.

நான் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொன்னால் பதில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

மூன்று வருஷத்துக்கு முன், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவல்லிக்கேணியிலிருந்து திருவான்மியூருக்கு, நண்பர் ஒருவரின் புத்தக வெளியீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடையாறு தாண்டி ஒரு சந்திப்பில் ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். மாரத்தானாம். விடிவதற்கு முன்பே தொடங்கியதாம். அப்போது மணி ஒன்பதுக்கு மேல். வெயில் ஏறிவிட்டது. ஆட்டோக்காரர் ஓடுகிறவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் தமக்குத் தெரிந்த பாஷையில் வாழ்த்திக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஓரமாக நின்றேன். மான்களைப் போல ஓடுகிறவர்களெல்லாம் முன்பே போய் முடித்துவிட்டிருந்தார்கள். வந்துகொண்டிருந்தது மிச்சம் மீதி. இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர், மூன்று நிமிஷத்துக்கு ஒருவர்.

அப்போது அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வழுக்கை. தொந்தி பனியனுக்குள் ஆடிக்கொண்டு வந்தது. பத்தடி ஓடுவார், பத்தடி நடப்பார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. எண்ணுகிறாரா, மந்திரம் சொல்கிறாரா, யாரையாவது திட்டுகிறாரா தெரியவில்லை. என்னைக் கடந்தபோது ஒரு நொடி பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றிப் பெருமிதமுமில்லை, உதவி கேட்கிற தீனமுமில்லை. தம்முடைய காரியத்தில் இருக்கிற மனிதனின் பார்வை, அவ்வளவுதான்.

அவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு பாங்கில் கணக்குப் பார்க்கிறவராகவோ, எல்.ஐ.ஸி.யில் குமாஸ்தாவாகவோ, பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருப்பார். முப்பது கதைகளிலாவது நான் அவரை எழுதியிருக்கிறேன். என் கதைகளில் அவர் எப்போதும் உட்கார்ந்தே இருப்பார். ஈஸிசேரில் உட்கார்ந்து, பெண்ணுக்கு வரன் அமையாததைப் பற்றிக் கவலைப்படுவார்; பெஞ்சில் உட்கார்ந்து, வராத பிரமோஷனை நினைத்துக்கொள்வார். கடைசி வரியில் பெருமூச்சு விடுவார். என் வாசகர்களும் கூடவே பெருமூச்சு விடுவார்கள். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பெருமூச்சில்தான் என் அடுப்பு எரிகிறது. அந்த மனிதர், எழுந்து, வேர்த்து விறுவிறுத்து, என் முன்னால் 30வது கிலோமீட்டரையோ 35வது கிலோமீட்டரையோ கடந்து போகிறார்! நான் ஓரத்தில் நிற்கிறேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அன்று தெரிந்தது.

புத்தக வெளியீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒன்றும் நஷ்டமில்லை.

முடிவு அன்றே வரவில்லை. இரண்டு வருஷம் கூச்சப்பட்டேன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: என்னைத் தடுத்தது மாரடைப்பு பயமல்ல, தெருக்காரர்கள் சிரிப்பார்களே என்ற பயம். நம்மில் பலருக்கு இப்படித்தான். சாவுக்குப் பயப்படுகிறேன் என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது. எதிர் வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறேன் என்று சொல்ல முடிகிறதா?

என்னை எதிர்த்தவர்களைக்கூட மன்னித்துவிடலாம். ஆதரிக்க வந்தார்களே, அவர்கள் கதை வேறு. என் தங்கை மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனும் ஓடுகிறவன். "பதினாறே வாரம், மாமா. அட்டவணை அனுப்பறேன்" என்றான். பதினைந்தாயிரம் ரூபாய் ஷூ, துடிப்பை எண்ணுகிற கடிகாரம், இனிப்புக் கூழ் அடைத்த பொட்டலங்கள் என்று ஒரு சீர்வரிசைப் பட்டியல் கொடுத்தான். எனக்குத் தைரியம் வர, எமில் ஜாட்டோபெக்கின் கதையைச் சொன்னான். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த அந்த வீரர் 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் தம் வாழ்க்கையின் முதல் மாரத்தானை ஓடினார். தங்கப் பதக்கமும் வாங்கினார். உண்மைதான். ஆனால் அதே ஒலிம்பிக்ஸில், அதற்குள்ளாகவே 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் ஜெயித்திருந்த மனிதர் அவர். 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பல தரம் என்று வருஷக்கணக்காக ஓடிப் பழகியவர். என் பழக்கம், பால் வாங்க முனை வரைக்கும் போவது.

பதினாறு வாரம் என்பது ஏற்கனவே ஓடுகிறவனுக்கு உள்ள கணக்கு. புதிதாகத் தொடங்குகிறவனிடம் அதை விற்பது பாவம். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன, "என்னால் முடிகிறதே!" என்று மனசு துள்ளுகிறது. தசைநாரும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். அவை வாய் திறந்து சொல்வதில்லை. ஒருநாள் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும்போதுதான் தெரியும். அந்த வலியோடு விட்டுவிட்டவர்கள் ஆயிரம் பேர். அவர்கள்தான் பிறகு, "நானும் ஓடிப் பார்த்தவன்தான் ஸார், நம் உடம்புக்கு ஆகாது" என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறார்கள்.

தங்கை மகனின் பனியனில் 42.195 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. ஏதோ வேதத்தில் சொன்ன எண் மாதிரி கும்பிடுகிறார்கள். 1908ல் லண்டன் ஒலிம்பிக்ஸில், வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கிப் பந்தய அரங்கில் ராஜ குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்று பாதையை அளந்தார்கள். 26 மைல் 385 கெஜம் வந்தது. 1921ல் அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். இதற்குப் போய்ப் பதினாறு வாரத்தில் முழங்காலைக் காணிக்கை கொடுக்க வேண்டுமா?

நான் பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. உழைப்பாளர் சிலையில் தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரைக்கும். எழுபது வயது மாமாக்கள் நடந்தே என்னைத் தாண்டிப் போனார்கள்; அதில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "பேஷ்" என்று வேறு சொன்னார். சென்னையில் வெயிலைவிட மோசம் காற்றிலே இருக்கிற ஈரம். வேர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தானே தேகம் குளிரும்? அதனால்தான் இங்கே ஓடுகிறவர்களெல்லாம் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிடவும் கூடாது. ரத்தத்தில் உப்பு குறைந்து ஆளைக் கவிழ்த்துவிடும். நீர் குறைந்து செத்தவர்கள் மாதிரியே நீர் மிகுந்து செத்த ஓட்டக்காரர்களும் உண்டு. இன்னும், முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் தேகத்தில் சேர்ந்திருக்கிற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து, கால் இரும்பாகி, ஒரு சுவரில் மோதின மாதிரி இருக்கும் என்கிறார்கள். நான் அந்தச் சுவரை இன்னும் பார்க்கவில்லை. இப்போதைக்கு எனக்கு எட்டாவது கிலோமீட்டரிலேயே ஒரு சிறிய மதில் இருக்கிறது.

சரி, எதற்காக?

இருபது வயதில் நான் முதல் கதை எழுதிப் பிரசுரமானபோது, பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் தகப்பனார் இதே கேள்வியைத்தான் கேட்டார்: "இதனாலே என்ன பிரயோஜனம்?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் தலைமையாசிரியர் ஸார், நீங்கள் இருபது வருஷமாக என் கதைகளைப் படிக்கிறீர்களே, என்ன பிரயோஜனத்துக்காகப் படித்தீர்கள்? சம்பளம் உயர்ந்ததா? பென்ஷன் கூடிற்றா? அந்த நேரத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் பூவாவது பூத்திருக்கும். நீங்கள் படித்ததற்கு எது காரணமோ அதுதான் நான் ஓடுவதற்கும் காரணம். பிரயோஜனமில்லாத காரியங்களில் ஒன்றை உங்களுக்கு அனுமதித்துக்கொண்டு இன்னொன்றை எனக்கு மறுக்கிறீர்கள்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நான் ஜெயித்தவனாயிருப்பேன். ஆனால் இந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளி என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் பேசிய பேச்சு வெறும் வக்கீல் பேச்சாகிவிடும்.

ஒருநாள் ஓடிவிட்டு வந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மனைவி காப்பியைக் கொடுத்துவிட்டு, "கையை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க. விரலைத் தளர விடுங்க, தோள் வலிக்காது" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "ஸ்கூல்ல ஓடியிருக்கேன். எண்ணூறு மீட்டர். ஜில்லாவுல ரெண்டாவது" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். மனித மனத்தின் ஆழங்களைத் தோண்டி எடுக்கிறவன் என்று என் புத்தகங்களின் பின் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்!

"ஏன் விட்டுட்டே?"

"யாரும் விடச் சொல்லலை" என்று யோசித்தாள். "ஓடுன்னும் யாரும் சொல்லலை. தாவணி போட்டாச்சு. அப்புறம் அப்படியே நின்னு போச்சு."

அவள் குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் அன்று முழுதும் பேனா ஓடவில்லை.

எண்ணூறு மீட்டர்! 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு முதல்முறையாக அந்தப் பந்தயம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்ததைப் பத்திரிகைக்காரர்கள் ஏதோ மயங்கி விழுந்து குவிந்துவிட்ட மாதிரி எழுதினார்கள். பெண் தேகத்துக்கு ஆகாது என்று அதை எடுத்தே விட்டார்கள். 1960 வரையில் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது. மாரத்தானைக் கேட்கவே வேண்டாம். 1896ல், லூயிஸ் ஜெயித்ததற்கு மறுநாள், ஸ்டமாட்டா ரெவிதி என்ற ஏழைத் தாய் அதே பாதையில் தனியாக ஓடினாள். அரங்கத்துக்குள் அவளை விடவில்லை. 1966ல் பாஸ்டன் மாரத்தானில் பாபி கிப் என்ற பெண் புதருக்குள் ஒளிந்திருந்து, பந்தயம் தொடங்கியதும் ஆண்களோடு கலந்து ஓடி முடித்தாள். மறு வருஷம் கேத்ரின் ஸ்விட்சர், பெயரின் முன்னெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவு செய்து ஓடியபோது, பந்தய அதிகாரி ஒருவர் வழியில் பாய்ந்து அவளுடைய எண் சீட்டைப் பிடுங்கப் பார்த்தார். அதைப் போட்டோவே எடுத்துவைத்திருக்கிறார்கள். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972ல். ஒலிம்பிக்ஸில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984ல். ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் ஜெயித்தார். தண்ணீர்க்காரர் லூயிஸுக்கு அரை மணி முன்னால், அதுவும் அவர் ஓடியதைவிட அதிகத் தூரத்தை!

இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பாஸ்டன் அதிகாரியை மனசாரத் திட்டினேன். பிறகு யோசித்தேன்: அந்த மனிதனாவது ஓடிப் போய்ப் பிடுங்கினான், அதற்கும் ஒரு பிரயாசை வேண்டும். நம் வீடுகளில் அந்தச் சிரமம்கூட இல்லாமல் காரியம் முடிந்திருக்கிறது. எனக்கு நாற்பது கண்டனக் கடிதம் வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே, என்னை ஓடாதே என்று நாற்பது பேர் சொல்கிறார்கள் என்றால், நான் ஓடக்கூடியவன் என்று நாற்பது பேர் நினைக்கிறார்கள். அவளுக்கு ஒரு கண்டனம்கூட வந்ததில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை, ஸார். தடுக்க வேண்டிய அளவுக்கு அவள் ஓடக்கூடும் என்ற சந்தேகமே, கூடவே வாழ்கிற நான் உள்பட, ஒருவருக்கும் வந்ததில்லை. நான் காலை நாலரை மணிக்கு இருட்டில் தனியாகப் போகிறேன். நாய் குலைக்குமே என்பதைத் தவிர எனக்கு யோசனை கிடையாது. அவள் அதே தெருவில் அதே நேரத்தில் இறங்க வேண்டுமானால் எத்தனை யோசனை! என்ன உடுத்துவது, யார் பார்ப்பார்கள், இட்லிக்கு யார் தட்டு வைப்பது. "அப்படியென்ன அவசியம்?" என்ற உங்கள் கேள்வி என்னைச் சும்மா உரசிவிட்டுத்தான் போயிற்று. பதினான்கு வயதில் அவள் காலில் அது விலங்காகவே விழுந்திருக்கிறது.

உங்கள் வீட்டு அம்மாளையும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். ஓட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம். ஜில்லாவில் எத்தனையாவது என்று கேளுங்கள்.

நான் கேட்டதற்கு அவள் இரண்டு வாரம் பிடி கொடுக்கவில்லை. "இட்லித் தட்டை நீங்க வைக்கிறதானா வர்றேன்" என்றாள் மூன்றாவது வாரம். இட்லி கல்லாக வந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அது பெரிய காரியம். இப்போது வாரத்தில் மூன்று நாள் இரண்டு பேரும் போகிறோம். கண்ணகி சிலை வரைக்கும் சேர்ந்து ஓடுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அவள் முன்னால் போய், சிலைக்குக் கீழே நின்று, எனக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அவளுக்கு மாரத்தானில் ஆசையில்லை. அந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள். பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் பெயர் கொடுப்பதாகச் சொன்னாள்.

அடுத்த ஜனவரி ஓட்டத்துக்கான படிவங்களைப் போன வாரம் தங்கை மகன் கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்தான். அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் யார் என்று ஒரு கேள்வி இருந்தது. என் படிவத்தில் அவள் பெயரைப் போடச் சொன்னேன். அவளிடம் கேட்டபோது அவள் என் பெயரைச் சொல்லவில்லை, தன் தங்கையின் பெயரைச் சொன்னாள்.

"ஏன், நான் இல்லையா?" என்றேன்.

"நீங்க எங்கே அகப்படுவீங்க?" என்றாள். "நான் முடிச்சு வீட்டுக்கு வந்து குளிச்சப்புறமும் நீங்க ஓடிட்டுல்ல இருப்பீங்க."